மகள் வீட்டு நீச்சல் குளமும் என் பென்சில் கரியும்



மூன்று மாதமாகப் பிரிஸ்பேனில் மகள் வீட்டில் இருக்கிறேன். "டீச்சர், ஊர் சுற்றிய படம் ஒன்றுகூடப் போடவில்லையே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முட்டு வலியோடு எங்கே சுற்றுவது? பெரும்பாலும் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே நீச்சல் குளம். இங்கே வீட்டுக்குள் குளம் என்பது பெரிய பணக்காரத்தனம் இல்லை. இவர்கள் வாங்கிய பழைய வீட்டில் ஏற்கெனவே இருந்தது. போன வாரம் அந்தக் குளத்துக்கு ஒரு கருவி மாட்டினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனசுக்குள் பழையதெல்லாம் கிளம்பிவிட்டது. பதிவு நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

கருவியின் பெயர் சால்ட் குளோரினேட்டர். குளத்து நீரில் உப்பைக் கரைத்து, அந்த நீரை இதற்குள் ஓடவிட்டு, மின்சாரம் பாய்ச்சினால் உப்பிலிருந்தே குளோரின் வரும். கிருமி சாகும். இதுவரை மருமகன் வாரம் தவறாமல் வாளியிலிருந்து குளோரின் தூளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். இனி அந்த வேலை இல்லை.

அவர் அதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கண்ணாடி டம்ளரில் உப்புத்தண்ணீர், இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில், வரிசையாகக் கட்டிய நான்கு டார்ச் பேட்டரி. கம்பியை மாட்டியதும் பென்சில் முனைகளில் குமிழி கிளம்பும். ஒரு முனையில் ஹைட்ரஜன், இன்னொன்றில் குளோரின். "மோந்து பாருங்கள், லேசாக, கையால் விசிறி" என்பேன். மணி அடிப்பதற்குள் எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

ஒரு வருஷம் மூன்றாம் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், ஒரு பென்சில்லேர்ந்து கறுப்பா உதிருதே, அது ஏன்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் தைரியமும் அப்போது இல்லை. "பாடத்தைக் கவனி, உட்கார்" என்றேன். அவன் கேட்டதில்தான் முக்கால்வாசிச் சரித்திரம் இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

குளோரினை முதலில் தனியாகப் பிடித்தவர் ஸ்வீடனின் மருந்துக்கடைக்காரர் கார்ல் ஷீலே. ஆண்டு 1774. தான் கண்டுபிடித்த ரசாயனங்களை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் அவர். 43 வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அது ஒரு தனிமம் என்று 1810-இல் உறுதிசெய்து, வெளிர்பச்சை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தவர் ஹம்ப்ரி டேவி. ஆனால் பெயர் வைக்கும் முன்பே அதற்கு வேலை கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் துணியை வெளுக்க வெயிலில் மாதக்கணக்கில் விரித்துப் போடுவார்கள், புளித்த மோரில் ஊறவைப்பார்கள். பிரான்சின் பெர்தொலே குளோரினைக் கொண்டு அதை மணிக்கணக்கில் முடித்தார். 1799-இல் ஸ்காட்லாந்தில் சார்ல்ஸ் டெனன்ட் குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பொடியாக்கினார். அதுதான் நம் ஊராட்சிக்காரர்கள் தெருவில் தூவும் பிளீச்சிங் பவுடர். வண்ணார் தொழிலுக்காகப் பிறந்த பொடி அது. தண்ணீருக்கு வர இன்னும் நூறு ஆண்டு ஆனது.

என் டம்ளர் சோதனை எவ்வளவு பழையது தெரியுமா? வோல்டா மின்கல அடுக்கைச் செய்து உலகத்துக்குச் சொன்னது 1800-இல். அதே ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் குருக்ஷாங்க் உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்துவிட்டார். ஆக, அறிவு இருந்தது. அதைத் தொழிலாக்கும் அளவுக்கு மின்சாரம் இல்லை. டைனமோக்கள் வந்து பரவும்வரை அது மேஜை மேல் காட்டும் வித்தையாகவே இருந்தது.

1890களில் பிரெஞ்சுக்காரர் யூஜின் ஹெர்மீட் ஒரு வேலை செய்தார். கடல்நீரையே மின்சாரத்தால் பிரித்து, அந்தக் குளோரின் நீரைக் கொண்டு சாக்கடையைச் சுத்தம் செய்யலாம் என்றார். இங்கிலாந்தின் தென்கரையில் வொர்த்திங் என்ற ஊரில் 1893-இல் டைபாய்டு பரவிப் பலரைக் கொன்றிருந்தது. மறு ஆண்டு அங்கேயே அவர் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். மகள் வீட்டுக் குளத்துக் கருவிக்குக் கொள்ளுத்தாத்தா என்று நான் சொல்வது இதைத்தான். ஆனால் பிளாட்டினம் வேண்டியிருந்தது. பிளாட்டினம் போட்டுச் சாக்கடை கழுவ எந்த நகராட்சிக்குக் கட்டுப்படியாகும்? முறை நிலைக்கவில்லை.

இங்கே நிறுத்தி, என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். 1966-இல் எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதினொன்று. ஆறுமுகநேரிப் பக்கம் எங்கள் ஊரில் அந்த ஆண்டு காலரா வந்தது. சுகாதார ஆய்வாளர் ஒருவர் சைக்கிளில் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். ஊர்க்கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்றார். ஊரே கூடிவிட்டது. "கெணத்துல விஷத்தக் கொட்டி எங்களக் கொல்லப் பாக்கியளா?" என்று கேட்டார்கள். வாடை பிடிக்கவில்லை, சோறு கெட்டுப்போகும் என்றார்கள். அவர் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார். கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். எட்டு நாள் கழித்து அக்கா போய்விட்டாள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும்தான். அவள் கேட்டது எல்லாம் தண்ணீர், தண்ணீர் என்றுதான். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் அம்மா கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி அந்த ஆய்வாளர் வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கிணற்றடியில் போய் நின்று, அவர் கரைப்பதற்கு வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். நான் பிறந்த காலத்தை ஒட்டித்தான் சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆலை வந்தது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, இன்னொரு பக்கம் குளோரின். அப்பா வாரிய உப்பில் ஒரு பங்கு அந்தப் பக்கமும் போயிருக்கும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோதுதான் எனக்கு இது விளங்கியது. விடுமுறைக்கு வந்தபோது, பெரிய படிப்பாளி மாதிரி அப்பாவிடம் சொன்னேன், அந்தப் பொடி உப்பிலிருந்துதான் செய்கிறார்கள் என்று. அவர் காலில் உப்பு அரித்த புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "நாம வாருற உப்பா?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்றேன். எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஏன் சொன்னோம் என்று இன்றுவரை வருந்துகிறேன்.

அதனால்தான் அமெரிக்காவின் ஜான் லீல் கதையை எப்போது படித்தாலும் எனக்கு இரண்டு மனசாக இருக்கும். லீல் ஒரு மருத்துவர். அவருடைய தந்தையும் மருத்துவர். உள்நாட்டுப் போரில் பணியாற்றியபோது வயிற்றுக்கடுப்பு பிடித்து, பல ஆண்டு அவதிப்பட்டு இறந்தவர். நியூ ஜெர்சியில் ஜெர்சி சிட்டிக்குக் குடிநீர் வழங்கிய கம்பெனியில் லீல் வேலை பார்த்தார். தண்ணீர் சுத்தமாக இல்லை என்று நகரம் வழக்குப் போட்டிருந்தது. அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பூன்டன் நீர்த்தேக்கத்தில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கலக்கும் நிலையத்தைச் சில மாதங்களிலேயே கட்டச் செய்து, 1908 செப்டம்பர் 26-இல் திறந்துவிட்டார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர். கலந்த அளவு பத்து லட்சம் பங்கு நீருக்கு அரைப் பங்குக்கும் குறைவு. பிறகு நீதிமன்றத்தில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தார்கள். தானே அந்தத் தண்ணீரைக் குடிப்பதாகவும், தன் குடும்பத்துக்குக் கொடுக்கவும் தயங்க மாட்டேன் என்றும் சொன்னார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு அமெரிக்க நகரங்கள் ஒவ்வொன்றாகக் குளோரினுக்கு மாறின. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் அலெக்சாண்டர் ஹூஸ்டன் 1905-லேயே டைபாய்டுக்காக இதைத் தொடர்ந்து செய்திருந்தார். ஆனாலும் பெரிய திருப்பம் ஜெர்சி சிட்டிதான்.

எங்கள் ஆய்வாளர் கேட்டார், விரட்டப்பட்டார். லீல் கேட்கவில்லை, காப்பாற்றினார். அப்படியானால் கேட்காமல் செய்வதுதான் சரியா? எட்டு வயதுச் சிறுமியாக இருந்தால் ஆமாம் என்பேன். முப்பத்துச் சொச்சம் ஆண்டு வகுப்பறையில் நின்ற பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஆய்வாளர் கூட்டத்தில் நின்று பேசுவதற்குப் பதிலாக, முதலில் அவரே ஒரு செம்பு தண்ணீர் குடித்துக் காட்டியிருந்தால் அப்பா நகர்ந்திருப்பார் என்று ஒரு எண்ணம் உண்டு. அது என் ஆற்றாமையாகவும் இருக்கலாம்.

நீச்சல் குளத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் குளத்தில் 1910-இல் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். குளத்துக்குக் குளோரின் போடும் வழக்கத்துக்கு அதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். அதற்கு முன் குளங்களை அடிக்கடி வடித்து, தேய்த்து, மறுபடி நிரப்ப வேண்டும்.

ஐந்தே ஆண்டில் அதே வாயு வேறு முகம் காட்டியது. 1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்தின் ஈப்ர. ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கான உருளைகளைத் திறந்து குளோரினைக் காற்றில் விட்டார்கள். முன்னின்று நடத்தியவர் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். காற்றைவிடக் கனமான வாயு, பதுங்குகுழிகளைத் தேடி இறங்கியது. பத்து நாள் கழித்து ஹேபரின் மனைவி கிளாரா, அவரும் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அதே 1915-இல்தான் ஹென்றி டேக்கின் என்ற ஆங்கில வேதியியலாளரும் அலெக்சி கேரல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரும் நீர்த்த ஹைப்போகுளோரைட் கரைசலால் போர்க்காயங்களைக் கழுவி, சீழ்பிடித்து வெட்ட வேண்டிய கைகால்களைக் காப்பாற்றினார்கள். அக்விடேனியா என்ற பெரிய கப்பல் மருத்துவக் கப்பலானபோது, டேக்கின் அதில் கடல்நீரையே மின்னாற்பகுத்துக் கிருமிநாசினி தயாரித்தார். அன்றைய பெரிய கப்பலில் செய்த வேலையை இன்று செங்கல் அளவு பெட்டி செய்கிறது.

ஈப்ர கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கருவி மாட்டுவதற்கு முந்தின நாள் மருமகன் பழைய சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார். அடிவாளியில் கொஞ்சம் குளோரின் தூள். பக்கத்திலேயே பி.எச். குறைக்க வைத்திருந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், கேனில் கால்வாசி. "ரெண்டையும் ஒண்ணாக் கரைச்சு ஊத்திட்டா காலியாயிரும் அத்தை" என்று கேனைத் திறந்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்த இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது ஈப்ரவில் கிளம்பிய அதே வாயுதான். பேரன் இரண்டடி தள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். மருமகன் கணினிப் பொறியாளர், கெட்டிக்காரர். தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக் கழிப்பறையில் ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ப் பிரித்து வையுங்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

இனி மூன்றாம் பெஞ்சின் கேள்வி. கறுப்பாக உதிர்ந்தது கிராஃபைட். குளோரின் வரும் முனையில் கொஞ்சம் ஆக்சிஜனும் வரும். அது கரியை அரித்துத் தின்றுவிடும். என் டம்ளரில் மட்டுமில்லை, உலகத்துக் குளோரின் ஆலைகளில் எல்லாம் இதே தொல்லைதான். எழுபது ஆண்டுக்கு மேல் ஆலைகள் கிராஃபைட்டை நம்பித்தான் ஓடின. தேயத் தேய இடைவெளி கூடும், மின்சாரச் செலவு ஏறும், மாற்ற வேண்டும். பிளாட்டினம் தேயாது, ஆனால் விலை. டைட்டானியம் துருப்பிடிக்காது. ஆனால் அந்த முனையில் வைத்தால் மேலே ஒரு ஆக்சைடு படலம் போர்த்திக்கொண்டு மின்சாரத்தையே விடாது. நெதர்லாந்துக்காரர் ஹென்றி பீர் 1960களில் இதற்கு வழி கண்டார். டைட்டானியத் தகட்டின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு கலந்த மெல்லிய பூச்சு. மின்சாரம் தாராளமாகப் போகும், தகடு தேயாது. இத்தாலியின் டி நோரா நிறுவனம் அதை ஆலைகளுக்குக் கொண்டுபோனது. கிராஃபைட்டின் காலம் முடிந்தது. விலை மலிந்து உருவம் சுருங்கியதும் 1970களில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீட்டுக் குளங்களுக்கு இந்தக் கருவிகள் வர ஆரம்பித்தன. ஹெர்மீட்டுக்குக் கிடைக்காமல் போனது இந்தப் பூச்சுதான்.

மாட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குளத்து நீர் பம்பு வழியாக மணல் வடிகட்டிக்குப் போய், அங்கிருந்து குளத்துக்குத் திரும்பும் குழாயில்தான் இதை வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில். முன்னால் வைத்தால் புதிதாகப் பிறந்த குளோரின் மற்ற கருவிகளை அரித்துவிடும். பி.வி.சி. குழாயை அறுத்து இருபக்கமும் திருகு இணைப்புப் போட்டார்கள். நாளைக்குக் கழற்றிச் சுத்தம் செய்ய அப்போதுதான் முடியும். உள்ளே வரிசையாகச் சாம்பல் நிறத் தகடுகள். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தேன். அதுதான் ஹென்றி பீரின் தகடு. சுவரில் கட்டுப்பாட்டுப் பெட்டி. மின் இணைப்புக்கு மட்டும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வந்தார். தண்ணீர் ஓட்டம் நின்றால் மின்சாரம் தானாக நிற்க ஒரு சென்சார் உண்டு. அது முக்கியம். ஓட்டம் இல்லாமல் மின்சாரம் மட்டும் பாய்ந்தால் ஹைட்ரஜன் உள்ளேயே தேங்கி வெடிக்கக்கூடும்.

பிறகு உப்புக் கணக்கு. பேரனை உட்காரவைத்துப் போடச் சொன்னேன். குளம் 50,000 லிட்டர். பத்து லட்சத்துக்கு 4,000 பங்கு உப்பு வேண்டும், அதாவது லிட்டருக்கு 4 கிராம். இத்தனை நாள் போட்ட குளோரினின் மிச்சமாக ஏற்கெனவே 1 கிராம் இருக்கிறது. ஆக 3 கிராம் பெருக்கல் 50,000, 150 கிலோ. மூட்டை 20 கிலோ. "ஏழரை மூட்டை ஆச்சி" என்றான். "ஏழரை வேண்டாம், எட்டாவே போட்டுருங்க" என்று உள்ளிருந்து மகள் குரல் கொடுத்தாள். எட்டுப் போட்டார்கள். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் இருக்கும். கண்ணீரில் உள்ள உப்பில்கூட இது பாதியளவு இல்லை. அதனால் கண் எரியாது. பம்பை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு உப்பு கரைந்த பிறகுதான் கருவியைப் போட்டார்கள்.

"உப்புக் குளத்தில் குளோரினே கிடையாது" என்று இங்கே பலர் நம்புகிறார்கள். மகளும் அப்படித்தான் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பு. அதே குளோரின்தான், வாளிக்குப் பதில் குழாயில் பிறக்கிறது. குளோரின் வாடை அடிக்கும் குளத்தில் குளோரின் அதிகம் என்பதும் தப்பு. வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் வாடை அது.

"உப்பு எப்ப தீரும் ஆச்சி?" என்றான் பேரன். தீராதடா என்றேன். குளோரின் கிருமியைக் கொன்றதும் மறுபடி உப்பாகவே தண்ணீரில் நிற்கும். மறுபடி தகட்டுக்கு வரும். வெளியே சிந்தினாலும், மழையில் குளம் வழிந்தாலும், வடிகட்டியைக் கழுவினாலும்தான் குறையும். அவன் நம்பவில்லை. கை நிறைய அள்ளி நக்கிப் பார்த்தான். நான் திட்டவில்லை.

தகடு தேயாது என்றேன் அல்லவா, அதற்கும் ஆயுள் உண்டு. பூச்சு ஐந்து முதல் ஏழு ஆண்டு தாங்குமாம். சுண்ணாம்பு படியும், அதற்காகக் கருவி அவ்வப்போது மின்சாரத்தைத் திசைமாற்றித் தானே உதிர்த்துக்கொள்ளும். தண்ணீரின் பி.எச். மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் அமிலக் கேன் வீட்டை விட்டுப் போகாது. அது இப்போது தனி அலமாரியில், பூட்டுப் போட்டு இருக்கிறது.

மூன்றாம் பெஞ்சுக்காரரே, இப்போது துபாயில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் கேள்விக்குப் பதில் தர நாற்பது ஆண்டு ஆகிவிட்டது. அன்றைக்கு உட்காரச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். படித்திருந்தால் கமென்டில் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

இன்று காலை சோதனைச் சீட்டில் குளோரின் 2, சரியாக இருக்கிறது. பி.எச். 7.8-க்கு வந்துவிட்டது. மருமகன் எழுந்ததும் சொல்ல வேண்டும்.